பெரிய கஸ்டமர்... பலமா, பயமா?

கோவையில் ஒரு பட்டறை. மூன்று சி.என்.சி லேத், ஒரு கிரைண்டிங் மெஷின், 18 தொழிலாளர்கள். மோட்டார் பம்புக்குள் சுழலும் ஷாஃப்ட்டைக் கடைந்து கொடுப்பதுதான் வேலை. மாதம் 16 லட்சம் ரூபாய்க்கு பில் போகிறது. அதில் 10 லட்சம் ஒரே ஒரு பம்ப் கம்பெனிக்கு. மீதி 6 லட்சம், மூன்று சிறிய கம்பெனிகளுக்குத் தலா 2 லட்சமாகப் போகிறது. பட்டறையை நடத்துவது கணவர். பில், பேங்க், ஜி.எஸ்.டி கணக்கெல்லாம் மனைவி கையில்.

ஒரு திங்கட்கிழமை காலை, பெரிய கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வருகிறது. 'அடுத்த மாதம் முதல் விலையில் 5 சதவிகிதம் குறைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை.' கீழே புதிதாக ஒரு பெயர். பத்து வருடங்களாகப் பழகிய பர்ச்சேஸ் மேனேஜர், போன மாதமே வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். பட்டறைக்காரருக்கு அது அன்றைக்குத்தான் தெரிகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஓசூரில் உதிரிபாகம் செய்பவர்கள், சிவகாசியில் அட்டைப்பெட்டி அச்சடிப்பவர்கள், திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுப்பவர்கள் என ஒரு நிறுவனத்துக்குப் பொருள் கொடுத்துப் பிழைக்கும் யாருக்கும் இந்த மெயில் புதிதல்ல. மளிகைக் கடையில் ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால், அடுத்த தெருவிலிருந்து இன்னொருவர் வருவார். இங்கே ஒரு வாடிக்கையாளர் போனால், 18 பேர் வீட்டு அடுப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்.

அதனால்தான் பெரிய வாடிக்கையாளரைக் கையாள்வதை ஒரு தனிக் கலையாகவே மேலாண்மைப் படிப்புகளில் சொல்லித் தருகிறார்கள். 'கீ அக்கவுன்ட் மேனேஜ்மென்ட்' என்று பெயர். பெயர்தான் பெரிது. விஷயம், ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் இன்று மாலையே தொடங்கக்கூடியது.

பெரிய பில்லா, பெரிய லாபமா?

மெயிலைப் படித்ததும் பட்டறைக்காரர், ''குறைச்சுக் கொடுத்துடலாம். வேற வழி இல்லை'' என்கிறார். மனைவி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறார். ''ஏங்க, கொஞ்சம் இருங்க. முதல்ல அவங்ககிட்ட நமக்கு என்ன மிச்சமாகுதுன்னு பார்ப்போம்.''

பெரிய கம்பெனியின் கணக்கு இது. மாத பில் 10 லட்சம். இரும்பு, கூலி, கரன்ட் எல்லாம் போக 12 சதவிகிதம், அதாவது 1,20,000 ரூபாய் நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பணம் வருவது 90 நாள் கழித்து. எப்போதும் 30 லட்சம் ரூபாய் வெளியே நிற்கிறது. அதற்கு பேங்க் ஓ.டி-யில் 12 சதவிகித வட்டி என்றால், மாதம் 30,000 ரூபாய். 'நாளைக்கே வேணும்' என்று வரும் போன்களுக்காக இரவு ஷிஃப்ட், தனி டெம்போ என 25,000 ரூபாய். ரிஜெக்‌ஷன் ஆகித் திரும்பி வரும் சரக்கில் 20,000 ரூபாய். அந்தக் கம்பெனிக்காகவே வைத்திருக்கும் ஓர் இன்ஸ்பெக்டர் சம்பளம் 22,000 ரூபாய். மொத்தம் 97,000. மிச்சம், 23,000 ரூபாய்!

சிறிய கம்பெனி ஒன்றின் கணக்கைப் பாருங்கள். மாதம் 2 லட்சம்தான். கொஞ்சம் நல்ல விலை தருவதால் 18 சதவிகிதம், அதாவது 36,000 ரூபாய் நிற்கிறது. 30 நாளில் பணம் வந்துவிடுவதால் வட்டி 2,000 ரூபாய். வண்டிச் செலவு 3,000 ரூபாய். மிச்சம் 31,000 ரூபாய்.

ஐந்தில் ஒரு பங்கு பில் போடும் சிறிய கம்பெனி, பெரிய கம்பெனியைவிட அதிகமாக மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. இப்போது பெரிய கம்பெனி கேட்கும் 5 சதவிகிதம் என்பது மாதம் 50,000 ரூபாய். கொடுத்தால், மாதாமாதம் 27,000 ரூபாய் கைக்காசு போட்டு ஷாஃப்ட் செய்து தர வேண்டும்.

அதற்காகப் பெரிய கம்பெனியை உதறிவிட முடியுமா? முடியாது. மூன்று லேத்தில் இரண்டு அவர்களை நம்பித்தான் ஓடுகிறது. கடை வாடகை, மெஷின் தவணை எல்லாவற்றையும் அந்த 10 லட்சம்தான் தாங்குகிறது. இந்தக் கணக்கு உதறுவதற்கு அல்ல. எங்கே ஓட்டை என்று தெரிந்துகொண்டு பேசுவதற்கு. பெரிய வாடிக்கையாளரிடம் பேசப் போகும் பலர், இந்தக் கணக்கைப் போடாமலே போகிறார்கள். அங்கே போய் உட்கார்ந்ததும், பேச விலையைத் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை.

ஒரு படகுப் பயணம் மாற்றிய உறவு

விலையைத் தவிர வேறு என்ன பேச முடியும்? இதற்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது.

சோப்பு, பேஸ்ட், குழந்தைகளுக்கான டயாப்பர் எல்லாம் செய்யும் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்துக்கு, வால்மார்ட் மிகப்பெரிய வாடிக்கையாளராக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால், இருவருக்கும் இடையே இருந்தது இழுபறி உறவு. பிராக்டரின் சோப்புப் பிரிவு தனியாக விற்றது, டயாப்பர் பிரிவு தனியாக விற்றது. 'வால்மார்ட்டுக்கு மொத்தத்தில் என்ன தேவை' என்று பார்க்க ஒருவரும் இல்லை. பேச்சு முழுக்க விலையும் தள்ளுபடியும்தான்.

1987-ல் பிராக்டரின் விற்பனைத் துறைத் துணைத் தலைவர் லூ பிரிட்செட்டும், வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனும், இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவரின் ஏற்பாட்டில் ஆர்கன்சாவில் ஒரு படகுப் பயணம் போனார்கள். துடுப்புப் போட்டுக்கொண்டே பேசியதில் இருவருக்கும் ஓர் உண்மை புரிந்தது. இரண்டு நிறுவனங்களும் ஒரே வீட்டுக்குத்தான் பொருள் கொண்டுபோகின்றன. ஆனால், ஒருவருக்கொருவர் தகவலை மறைத்துக்கொண்டு, அந்தச் செலவை இருவருமே சுமக்கிறார்கள்.

அதன் பிறகு, வால்மார்ட் தலைமையகம் இருக்கும் பென்டன்வில்லுக்குப் பக்கத்து ஊரான ஃபயட்வில்லுக்கு பிராக்டர் ஒரு குழுவைக் குடியேற்றியது. அதில் விற்பனைக்காரர்கள் மட்டுமல்ல; நிதி, சரக்குப் போக்குவரத்து, கணினி எனப் பல துறையினரும் இருந்தார்கள். எந்தக் கடையில் எத்தனை டயாப்பர் விற்றது, எவ்வளவு இருப்பு இருக்கிறது என்ற தகவலை வால்மார்ட் கொடுத்தது. அதைப் பார்த்து, ஆர்டருக்காகக் காத்திருக்காமல் பிராக்டரே சரக்கை அனுப்பியது. வால்மார்ட்டின் கிடங்கில் தேங்கும் சரக்கு குறைந்தது. பிராக்டரின் தொழிற்சாலையில் திடீர் அவசரங்கள் குறைந்தன. மிச்சமான செலவு, இருவருக்கும் லாபமானது. இன்றும் பிராக்டரின் மொத்த விற்பனையில் சுமார் 15 சதவிகிதம் வால்மார்ட்டிடமிருந்துதான் வருகிறது.

கோவைப் பட்டறைக்கு இதில் என்ன பாடம்? பம்ப் விற்பனை சூடுபிடிப்பது கோடைக்கு முன்னால். அதனால் பிப்ரவரி தொடங்கியதும் 'நாளைக்கே வேணும்' என்ற போன்கள் வருகின்றன. அந்த கோடைத் திட்டத்தை பம்ப் கம்பெனி டிசம்பரிலேயே போட்டுவிடுகிறது. ஆனால், பட்டறைக்காரர் அதைக் கேட்டதே இல்லை, அவர்களும் சொன்னதில்லை. எட்டு வாரத்துக்கு முன்பே செட்யூல் தெரிந்தால், டிசம்பர், ஜனவரியில் சும்மா நிற்கும் லேத்திலேயே அந்த ஷாஃப்ட்டுகளைக் கடைந்து வைத்துவிடலாம். இரவு ஷிஃப்ட்டும் தனி டெம்போவும் பாதிக்கு மேல் தேவைப்படாது.

வாடிக்கையாளரின் தொழிலைத் தெரிந்துகொள்வது என்பது இதுதான். அவருடைய சீஸன் எது, அவருடைய வாடிக்கையாளர் யார், எந்தப் பொருள் வராமல் போனால் அவருடைய அசெம்பிளி நின்றுபோகும் என்பது தெரிய வேண்டும். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால், அதை மட்டும் வைத்து ஆர்டரைக் காப்பாற்ற முடியாது.

ஒரே ஒரு நம்பர் போதாது

பட்டறைக்காரரின் செல்போனில் அந்தப் பெரிய கம்பெனிக்கு என்று இருந்தது ஒரே ஒரு நம்பர், பழைய பர்ச்சேஸ் மேனேஜருடையது. அவர் போனதும் பத்து வருட உறவும் அவரோடு போய்விட்டது. பெரிய வாடிக்கையாளர்களை இழக்கும் பல இடங்களில் தரமோ விலையோ காரணமாக இருப்பதில்லை. தெரிந்த ஓர் ஆள் மாறிப்போனதுதான் காரணமாக இருக்கும்.

ஒரு பெரிய கம்பெனிக்குள் ஒரு சிறிய சப்ளையரின் தலையெழுத்தை எழுதுபவர்கள் குறைந்தது நான்கைந்து பேர். பர்ச்சேஸ் விலையைப் பார்க்கிறது. குவாலிட்டி, சரக்கை ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறது. ஸ்டோர்ஸ், வந்த சரக்குக்கு ரசீது போட்டால்தான் பில் நகரும். அக்கவுன்ட்ஸ் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். புதிய மாடலை வடிவமைக்கும் இன்ஜினீயர், 'இந்த அளவை யாரால் கடைய முடியும்' என்று முதலில் யோசிக்கிறவர். இந்த ஒவ்வொருவருக்கும், பட்டறையில் யாராவது ஒருவரைப் பேர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோரிடமும் முதலாளியே பேச வேண்டியதில்லை. அங்கே இருக்கும் குவாலிட்டிக்காரரோடு இங்கே இருக்கும் இன்ஸ்பெக்டர் பேசட்டும். இருவரும் ஒரே மாதிரி கேஜ் வைத்து, ஒரே இடத்தில் அளந்தாலே, 'உங்க அளவு, எங்க அளவு' என்ற சண்டையில் திரும்பி வரும் சரக்கு பெருமளவு குறைந்துவிடும். அங்கே இருக்கும் அக்கவுன்ட்ஸோடு இங்கே கணக்குப் பார்க்கும் மனைவி பேசட்டும். ஒரு கயிறு அறுந்தாலும் மற்ற கயிறுகள் பிடித்துக்கொள்ளும்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள்

சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், 1966-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். போல்ட், நட்டுதான் முக்கியத் தொழில். 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுக்கத் தொடங்கியது. பார்க்க ஒரு சின்ன மூடி. ஆனால், அது சரியாக மூடாவிட்டால் இன்ஜின் சூடாகிக் கார் நடுரோட்டில் நிற்கும். கடல் கடந்து போகும் சரக்கில் ஒரு கன்டெய்னர் தவறாகப் போனால், திருத்தி அனுப்ப வாரக்கணக்கில் ஆகும். அப்படிப்பட்ட வேலையில், 1996 தொடங்கி தொடர்ந்து பல ஆண்டுகள் ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த சப்ளையர் விருதைச் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் வாங்கியது.

பெரிய வாடிக்கையாளர் ஒரு சப்ளையரிடம் உண்மையில் வாங்குவது நிம்மதியைத்தான். சொன்ன தேதியில், சொன்ன அளவில் வரும் என்ற நிம்மதி. எந்தப் பட்டறையிலும் மெஷின் பழுதாகும், ஆள் வராமல் போவார்கள். அந்த நேரத்தில் போனை எடுக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு. 'சார், கிரைண்டிங் மெஷின் நின்னுபோச்சு. 500 ஷாஃப்ட்ல 300 நாளைக்கு வந்துடும், மீதி வியாழக்கிழமை' என்று முதல் நாளே சொன்னால், அவர்கள் அசெம்பிளியை மாற்றி அமைத்துக்கொள்வார்கள். லைன் நின்ற பிறகு சொன்னால், அது அந்த மேனேஜர் தன் மேலதிகாரியிடம் திட்டு வாங்கும் நாளாகிவிடும். அதை அவர் மறக்க மாட்டார்.

ஒரே நாளில் 60 சதவிகிதம்!

எவ்வளவு நன்றாகக் கவனித்தாலும், பெரிய வாடிக்கையாளர் ஒருநாள் போகக்கூடும். பிரிட்டனின் இமாஜினேஷன் டெக்னாலஜீஸ் கதை அப்படிப்பட்டது. ஐபோனில் படங்களைத் திரையில் காட்டும் கிராபிக்ஸ் தொழில்நுட்பத்தை ஆப்பிளுக்குக் கொடுத்துவந்த நிறுவனம் அது. அதன் வருமானத்தில் சுமார் பாதி ஆப்பிளிடமிருந்தே வந்தது. 'இன்னும் 15 மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் உங்கள் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொள்கிறோம்' என்று ஆப்பிள் சொல்லிவிட்டதை, 2017 ஏப்ரல் 3-ம் தேதி அந்த நிறுவனம் அறிவித்தது. அன்றைக்கே அதன் பங்கு விலை 60 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. அதே ஆண்டு அந்த நிறுவனம் விற்கப்பட்டது. 2020-ல் ஆப்பிள் திரும்பவும் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. ஆனால், அதற்குள் நிறுவனம் கைமாறிவிட்டிருந்தது.

சில நேரங்களில் இருவர் மீதுமே தவறிருக்காது. 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவிகிதம் வரி விதித்தபோது, திருப்பூரில் அதிகம் தவித்தவர்கள் அமெரிக்க வாடிக்கையாளர்களை மட்டுமே நம்பியிருந்தவர்கள். ஐரோப்பாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சுவிட இடம் இருந்தது.

பங்குச் சந்தையில் இருக்கும் இந்திய நிறுவனங்கள், ஒரே வாடிக்கையாளரிடமிருந்து 10 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் வருமானம் வந்தால், அதை ஆண்டுக் கணக்கில் சொல்ல வேண்டும் என்பது கணக்கியல் விதி. முதலீடு செய்பவருக்கு அந்த ஆபத்து தெரிய வேண்டும் என்பதால்தான் அந்த விதி. கோவைப் பட்டறையில் அந்த எண் 62 சதவிகிதத்துக்கும் மேல். சிறு தொழிலில் 10 சதவிகிதத்தில் நிற்பது நடக்காத காரியம். 'இவர் நாளைக்குப் போனால், ஆறு மாதம் சம்பளம் கொடுக்க முடியுமா?' என்ற கேள்விக்கு 'முடியும்' என்று சொல்லும் இடத்துக்கு வருவதுதான் இலக்கு. அதற்குப் பெரியவரின் ஆர்டரைக் குறைக்க வேண்டாம். மற்றவர்களின் ஆர்டரை வளர்த்தால் போதும்.

பணம் கேட்பது தவறல்ல

90 நாள் கடன் என்பதைப் பலரும் விதி என்றே நினைத்திருக்கிறார்கள். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்வது வேறு. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கினால், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி.

பெரிய வாடிக்கையாளர் மீது புகார் கொடுக்க யாருக்கும் மனம் வராது. அது இயல்புதான். ஆனால், 2024 ஏப்ரல் 1 முதல் இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. பொருள் தயாரிக்கும் அல்லது சேவை தரும் குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், வாங்கிய நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டு செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும். எனவே, 'உங்க ஆடிட்டருக்கு இது தெரியும் சார்' என்று மென்மையாக நினைவுபடுத்தலாம். உத்யம் சான்றிதழின் நகலை அக்கவுன்ட்ஸில் கொடுத்து வைப்பதும், பில்லில் அந்த எண்ணை அச்சிடுவதும் அவசியம்.

கையில் பணம் இல்லை என்று அவர்கள் சொன்னால், ட்ரெட்ஸ் என்ற வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி அனுமதித்த இணையத் தளம் இது. பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லின் மீது வங்கி பணம் கொடுத்துவிடும். கெடு நாளில் பெரிய கம்பெனி வங்கிக்குக் கட்டும். அவர்கள் கட்டத் தவறினாலும் சப்ளையரிடம் வங்கி திரும்பக் கேட்காது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை

கோவைப் பட்டறைக்காரர் மெயிலுக்குப் பதில் எழுதவில்லை. வியாழக்கிழமை நேரில் பார்க்க நேரம் கேட்டார். தனியாகப் போகாமல் இன்ஸ்பெக்டரையும் அழைத்துக்கொண்டு போனார். ஒரே ஒரு பக்கத்தில் மூன்று கோரிக்கைகள், ஒரு வாக்குறுதி.

எட்டு வார செட்யூல் முன்கூட்டியே வேண்டும். இதனால் மாதம் 15,000 ரூபாய் மிச்சமாகும். இரண்டு பக்கமும் ஒரே கேஜ். 10,000 ரூபாய் மிச்சமாகும். 45 நாளில் பணம். வட்டியில் 15,000 ரூபாய் மிச்சமாகும். மொத்தம் 40,000. இந்த மூன்றும் நடந்தால், விலையில் 2 சதவிகிதம், அதாவது 20,000 ரூபாய் குறைத்துத் தருவதாக வாக்குறுதி. ஒப்புக்கொண்டால், பட்டறையின் மிச்சம் 23,000-லிருந்து 43,000 ரூபாயாகும். புதிய மேனேஜருக்கும், வந்த மாதமே விலை குறைத்த பெயர் கிடைக்கும். கோடையில் அசெம்பிளி நிற்காது.

மேனேஜர் உடனே தலையாட்டவில்லை. ''செட்யூலும் கேஜும் என்னால செய்ய முடியும். 45 நாளுக்கு ஃபைனான்ஸ்ல பேசணும்'' என்றார். ''அப்ப 2 சதவிகிதமும் அதுக்கப்புறம் பேசலாம் சார்'' என்று சொல்லிவிட்டு, ஃபைனான்ஸில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொண்டார் பட்டறைக்காரர்.

வெள்ளிக்கிழமை 'பேசிக்கொண்டிருக்கிறோம், அதுவரை பழைய விலை' என்று பதில் வந்தது. அன்று மாலை மனைவி நோட்டில் நான்கு வாடிக்கையாளர்களின் பெயருக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு கோடு போட்டு, காலியாக விட்டார்.

''இது யாருக்கு?'' என்றார் கணவர்.

''இன்னும் தெரியலைங்க. திங்கட்கிழமையிலிருந்து தேடுங்க!''